கழுத்தில் நெறி கட்டினால்: பயாப்ஸியிலிருந்து டிரையல் வரை டெல்டாக்காரர்களுக்கு

சேற்றில் நின்று விரலிடுக்கில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும், பல் சொத்தையானால் தாடைக்குக் கீழே கட்டும், புண் ஆறினால் அதுவும் அடங்கிவிடும் என்பது தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் எல்லார் வீட்டிலும் தெரிந்த விஷயம். அதனாலேயே கட்டி என்றால் இங்கே யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை, பெரும்பாலும் பயப்படத் தேவையும் இல்லை. கவனிக்க வேண்டியது, புண்ணோ சளியோ இல்லாமல் தானாக வருகிற கட்டியை. அது லிம்போமாவாக, அதாவது நெறிக்கட்டிகளில் வருகிற புற்றுநோயாக இருக்கலாம். வலி இல்லை, மூன்று நான்கு வாரமாகியும் வற்றவில்லை, வளர்கிறது, அல்லது காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழியில் வந்திருக்கிறது என்றால் நாட்டு மருந்துப் பத்து போட்டுக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே விட்டுவிட்டுக் காய்ச்சல், பாய் நனையும் அளவுக்கு இரவு வியர்வை, ஆறு மாதத்துக்குள் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது, இதில் ஏதாவது இருந்தால் இன்னும் சீக்கிரம்.

இந்த மூன்றும் டிபிக்கும் பொருந்தும். லிம்போமாக்காரர்கள் பலருக்குக் காலம் போவது இங்கேதான். கட்டியில் ஊசி வைத்து உறிஞ்சி எடுத்துப் பார்ப்பார்கள், ரிப்போர்ட்டில் கிரானுலோமா (அழற்சியால் செல்கள் திரண்ட முடிச்சு) என்று வரும், நம் நாட்டில் அதைப் பார்த்ததும் டிபி என்று நினைப்பது இயல்பு, ஆறு மாத மாத்திரை ஆரம்பித்துவிடும். ஆனால் ஹாட்ஜ்கின் வகை லிம்போமாவிலும் கிரானுலோமா இருக்கலாம், அதில் புற்றுநோய் செல்கள் கட்டி முழுக்க இருப்பதும் இல்லை, மற்ற செல்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும், ஊசிமுனையில் அகப்படாமலே போய்விடலாம். ஆகவே டாக்டரிடம் ஒரு கேள்வி நேராகக் கேளுங்கள்: "டிபி கிருமி நிஜமாகவே தெரிந்ததா, சிபிநாட் என்கிற டிபி கிருமிச் சோதனையில் வந்ததா, இல்லை சந்தேகத்தின் பேரில் மாத்திரையா?" சந்தேகம்தான் என்றால், கட்டியை எடுத்துப் பரிசோதிக்கலாமா என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டிபி மருந்து வேலை செய்யும்போதே சிலருக்குக் கட்டி கொஞ்சம் வீங்குவதும் உண்டு.

அப்புறம் ஒன்று, கட்டி கரைய ஊசி போடுகிறேன் என்று யாராவது ஸ்டீராய்டு கொடுத்தால் பயாப்ஸிக்கு (கட்டியின் சதையை எடுத்துப் பரிசோதிப்பதற்கு) முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லிம்போமா ஸ்டீராய்டுக்கு உடனே சுருங்கும், வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், பிறகு சதை எடுத்துப் பார்த்தால் என்ன வகை என்றே சொல்ல முடியாத நிலை வந்துவிடும். மூச்சுக்குழாயை அடைக்கிற அவசரம் வேறு, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

இனி பயாப்ஸி. ஊசியில் உறிஞ்சுவது போதாது, முடிந்தால் ஒரு நெறிக்கட்டியை முழுசாக எடுக்க வேண்டும். எட்டாத இடத்தில் இருந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் எடுப்பார்கள். நம் ஊரில் இதற்குப் பிறகு ஒன்று நடக்கும், பெரிய நகரத்து டாக்டர்கள் எழுதும் கட்டுரைகளில் அது வராது: மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ சின்ன ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்து, டப்பாவை உங்கள் கையில் கொடுத்து, தஞ்சாவூர் லேபில் கொடுத்துவிட்டு வாங்க என்பார்கள். பஸ் ஏறுவதற்கு முன் அந்த டப்பாவைப் பாருங்கள். உள்ளே ஃபார்மலின் (சதை கெடாமல் காக்கும் திரவம்) இருக்க வேண்டும், மூக்கைக் குத்துகிற வாடை வரும், ஆனால் மோந்து பார்க்காதீர்கள், கேட்டாலே சொல்வார்கள். சதை நன்றாக மூழ்கியிருக்க வேண்டும், சதையைப் போலப் பத்து மடங்காவது திரவம் வேண்டும். டப்பாவின் மூடியில் மட்டும் பெயர் எழுதியிருந்தால் டப்பாவின் பக்கவாட்டிலும் எழுதச் சொல்லுங்கள், லேபில் மூடியைக் கழற்றி வைத்தபின் அது யாருடையது? டிபி சந்தேகமும் இருந்தால் சதையில் ஒரு சின்னத் துண்டைத் தனியாக சலைனில் போடச் சொல்லி ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். ஃபார்மலினில் போட்டுவிட்டால் டிபி கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. இரண்டு டப்பா, இரண்டு சீட்டு.

லேபில் அந்தச் சதையை மெழுகில் பதித்து பிளாக் செய்வார்கள், அதிலிருந்து சீவி ஸ்லைடு. முதல் ரிப்போர்ட்டில் வெறும் லிம்போமா என்று இருந்தால் வேலை பாதிதான் முடிந்தது. செல்களில் உள்ள புரதங்களைச் சாயம் ஏற்றிக் காட்டும் ஐஎச்சி என்கிற அடுத்த சோதனை வேண்டும், சிடி20, சிடி3, சிடி30, கி-67 என்று அந்தப் புரதங்களை வரிசையாகப் பார்த்து, பாசிட்டிவ் நெகட்டிவ் எழுதி, கடைசியில் வகையைச் சொல்வார்கள். லிம்போமாவில் அறுபதுக்கும் மேற்பட்ட வகைகள். வயிற்றில் வருகிற ஒரு வகை, ஹெச் பைலோரி கிருமிக்கான ஆன்டிபயாடிக் கொடுத்தாலே பலருக்கு அடங்கிவிடும். ஃபாலிகுலர் என்கிற வகையில் சிலரை மருந்தே கொடுக்காமல் சில காலம் கண்காணிப்பார்கள், அது அலட்சியம் இல்லை, ஆராய்ச்சி செய்து பார்த்து வந்த முடிவு. இன்னொரு வகை சில வாரங்களிலேயே பரவிவிடும். ஆகவே ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருக்கும் அந்த வகையின் பெயர் தெரியாமல் மருந்தைத் தேடுவது வெட்டி வேலை. பிளாக்கைக் கேட்டு வாங்கி வையுங்கள், வெயிலில் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு அது. ஜிப்மரோ, அடையாறோ, வேலூரோ, எங்கே போனாலும் அவர்களுடைய நோய்க்குறியியல் டாக்டர் அதைத் திரும்பப் பார்க்க விரும்புவார்.

நோய் உடம்பில் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டும், சர்க்கரைக்காரர்கள் மாத்திரை, இன்சுலின் பற்றி முந்தின நாளே கேட்டுக்கொள்ள வேண்டும், சர்க்கரை ஏறியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கீமோவுக்கு முன் இதயத்துக்கு எக்கோ, ஹெபடைடிஸ் பி டெஸ்ட் இரண்டும் நடந்ததா என்று பாருங்கள். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து, உறங்கிக்கிடக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியை எழுப்பிவிடலாம். கீமோவால் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம், அதனால் கல்யாணமாகாத பையன் என்றால் விந்து சேமிப்பு பற்றி வெட்கப்படாமல் முதலிலேயே கேளுங்கள்.

மருந்துகளில் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் நம் கொல்லையில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து வந்தவை. இதைப் படித்துவிட்டு இலையைக் கஷாயம் போடக் கிளம்பிவிடாதீர்கள், அது விஷம்.

சரி, ஆராய்ச்சி. சொந்தக்காரர் ஒருவர் கட்டாயம் வாட்ஸ்அப்பில் "லிம்போமாவுக்குப் புது மருந்து" என்று அனுப்புவார். முதலில் கேட்க வேண்டியது, எந்த வகைக்கு? அடுத்து, முதல் தடவை சிகிச்சை எடுப்பவருக்கா, திரும்ப வந்தவருக்கா? எதோடு ஒப்பிட்டார்கள்? எதை அளந்தார்கள்? உதாரணத்துக்கு பெரிய பி செல் லிம்போமா என்ற வகையில், வழக்கமாகக் கொடுக்கிற ஆர்-சாப் என்கிற மருந்துக் கூட்டில் வின்கிரிஸ்டினை எடுத்துவிட்டு பொலாட்டுசுமாப் என்ற புது மருந்தைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2022-ல் வெளியானது. இரண்டு வருஷத்தில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 76.7 சதவீதம், பழைய முறையில் 70.2. நல்ல முன்னேற்றம். ஆனால் அதே இரண்டு வருஷத்தில் உயிரோடு இருந்தவர்கள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இந்த இரண்டாவது வரி ஃபார்வர்டில் வராது. நிலத்தை விற்கலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு அதுதான் முக்கியமான வரி.

ஆராய்ச்சி என்றால் மருந்தைக் கூட்டுவது மட்டுமில்லை. ஹாட்ஜ்கினில் இரண்டு சுற்று ஏபிவிடி என்கிற கீமோவுக்குப் பிறகு பெட் ஸ்கேன் சுத்தமாக இருந்தால், அதில் உள்ள, நுரையீரலைக் கெடுக்கிற பிளியோமைசின் மருந்தை விட்டுவிடலாம் என்று 2016-ல் வெளியான ராத்தல் ஆய்வு காட்டியது. அதனால்தான் பாதியில் ஸ்கேன் எழுதுகிறார்கள், காசு பிடுங்க இல்லை. நோயாளியின் ரத்தத்தில் உள்ள டி செல்களை எடுத்து, மாற்றித் திரும்ப ஏற்றுகிற கார்-டி சிகிச்சையும் இப்போது இந்தியாவிலேயே உண்டு, ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. பி செல் வகையில் சிகிச்சைக்கு அடங்காதவர்களுக்கும் திரும்ப வந்தவர்களுக்கும்தான் அது, முதல் மருந்தாக இல்லை.

டாக்டரே டிரையலில் (புது சிகிச்சையை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வில்) சேருகிறீர்களா என்று கேட்டால் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள் என்று எழுந்து ஓட வேண்டாம், அப்படியே தலையாட்டவும் வேண்டாம். புற்றுநோய் டிரையல்களில் பொதுவாக யாரையும் மருந்தில்லாமல் விடுவதில்லை, ஒரு பக்கம் இப்போதைய சிகிச்சை, இன்னொரு பக்கம் அதோடு புதியது அல்லது அதற்குப் பதில் புதியது. எந்தப் பக்கம் விழுவீர்கள் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும், டாக்டர் இல்லை. இந்தியாவில் நடக்கும் டிரையல்கள் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் போட்டுப் பார்த்தால் யார் நடத்துகிறார்கள், எத்தனை ஊரில், யாரைச் சேர்ப்பார்கள் என்பதெல்லாம் தெரியும், ஆங்கிலத்தில்தான் இருக்கும், காலேஜ் படிக்கிற பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். கையெழுத்து போடும் முன் வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் பேசுங்கள். மருந்து டிரையல்களுக்கான 2019 மத்திய அரசு விதிகளின்படி அந்தப் படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும், டிரையலால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் உண்டு, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடரும். சேர்ப்பதற்கே யாராவது பணம் கேட்டால் அது டிரையல் இல்லை.

டெல்டாக்காரர்கள் தனியாகக் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. ஸ்கேன் செலவும் பஸ் செலவும் யாருடையது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இதில் செல்லுமா, வரச் சொன்ன தேதியை நடவு, அறுப்பு நேரத்தில் எத்தனை நாள் முன்பின் தள்ளலாம். எல்லாவற்றையும்விட, கீமோ போட்டு ஊருக்குத் திரும்பிய பிறகு ராத்திரி காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை (100.4 ஃபாரன்ஹீட்) தாண்டினால் யாரைக் கூப்பிடுவது, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது. அந்த நேரத்தில் ரத்தத்தில் வெள்ளணுக்களின் கவுண்ட் குறைந்திருக்கும், பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். சீட்டில் அந்த மருந்துகளின் பெயரை டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்திருந்தால் டியூட்டி டாக்டருக்கு விளக்குவது சுலபம்.

ரயில் சலுகை புற்றுநோயாளிக்கும் கூட வருபவருக்கும் உண்டு. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், முதல் அட்மிஷனிலேயே வாங்கிவிடுங்கள்.