காலை முதல் ஸ்டார்ட்டில் கார் போடும் சத்தம்: நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

ராத்திரி முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் அடங்கிவிடும். கோவையில் எங்கள் பழைய பெட்ரோல் காரில் இப்படித்தான் தொடங்கியது. பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனால் சத்தமே வராது. இரண்டு முறை அலைந்தபின், மூன்றாவது முறை மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "ராத்திரியே வண்டியை விட்டுட்டுப் போங்க. காலையில நான் சாவி போட்டுக் கேக்கறேன்."

மறுநாள் காலை அவர் கேட்டது அந்த மூன்று வினாடிகளை மட்டும்தான். காரணம் ஆயில் பில்டர். இன்ஜின் நின்றபின் ஆயில் முழுவதும் கீழே வடிந்துவிடாமல் பிடித்து வைக்க பில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். முந்தைய சர்வீஸில் வேறோர் இடத்தில் மாட்டிய மலிவான பில்டரில் அது சரியாக வேலை செய்யவில்லை. பில்டரையும் ஆயிலையும் மாற்றியதும் சத்தம் போய்விட்டது. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினையே மாற்ற வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டிருந்தோம்.

அன்று கற்றுக்கொண்டது இதுதான்: எந்த மாதிரிச் சத்தம் என்பதோடு, அது எத்தனை நேரம் நீடிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பாதி விடை அந்த நேரக் கணக்கில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த இன்ஜின் என்றால் ஊட்டி குளிர் என்று அர்த்தமில்லை. ஓடும் இன்ஜினில் கூலண்ட் ஏறக்குறைய 90 டிகிரி சூட்டில் இருக்கும். சென்னையில் மே மாத விடியற்காலை 28 டிகிரி என்றாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். ஆயில் அடியில் இறங்கியிருக்கும், கெட்டியாகவும் இருக்கும். உலோகப் பாகங்கள் சுருங்கி, இடைவெளிகள் கொஞ்சம் அகன்றிருக்கும்.

படி 1: முந்தைய இரவே தயாராகுங்கள்

சமதளத்தில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் இந்தச் சோதனை வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும். குறைந்தது எட்டு மணி நேரம் வண்டி நிற்கட்டும். காலையில் துணைக்கு ஒருவர் வேண்டும். ஒருவர் சாவி போட, மற்றவர் பானட் அருகே போனில் வீடியோ எடுக்க.

படி 2: சாவி போடும் முன் ஆயில் பாருங்கள்

இதைத் தவிர்க்கவே வேண்டாம். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே ஆயில் நிற்க வேண்டும். கீழ்க் குறிக்கும் கீழே போயிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், முதலில் ஊற்றுங்கள். கையேட்டில் சொன்ன கிரேடு எது என்றும் பாருங்கள். 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. எண் குறையக் குறைய, குளிர்ந்த இன்ஜினின் மேல்பாகங்களுக்கு ஆயில் சீக்கிரம் ஏறும். அதனால், "நம்ம ஊர் சூட்டுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று யாராவது சொன்னால் கையேட்டைத்தான் நம்புங்கள்.

படி 3: ஸ்டார்ட் செய்து எண்ணுங்கள்

ஏசி, ஆடியோ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, வாய்விட்டு எண்ணுங்கள். வீடியோவில் எண்ணிக்கையும் பதிவாகிவிடும்.

சில சத்தங்கள் இயல்பானவை, அவற்றுக்குப் பயப்பட வேண்டாம். முதல் நிமிடத்தில் ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற கணக்கு) 1200, 1500 வரை போய் இன்ஜின் கொஞ்சம் இரையும். தன்னையும், சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சீக்கிரம் சூடாக்கிக்கொள்ள அது செய்யும் வேலை இது. டீசல் வண்டி குளிரில் தடதடப்பதும் அப்படித்தான்: உள்ளே காற்று குளிர்ந்திருப்பதால் டீசல் பற்றிக்கொள்ளச் சற்றுத் தாமதமாகி, பிறகு ஒரேயடியாக எரிகிறது. சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் குளோ பிளக்கின் விளக்கு டேஷ்போர்டில் அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்தால் குறையும்.

படி 4: சத்தத்துக்குப் பெயர் வையுங்கள்

சாவி திருப்பும்போதே டக்டக்டக் என்று மட்டும் கேட்டு இன்ஜின் சுழலவில்லை என்றால், முதலில் பேட்டரியையும் அதன் டெர்மினலையும் பாருங்கள். பற்சக்கரங்கள் அரைபடுவது போலக் கர்ரென்றால், இன்ஜினை முதலில் சுழற்றிவிடும் செல்ப் மோட்டார்.

கிரீச் என்று கத்தினால் பேன் பெல்ட். இரவில் படிந்த ஈரமும், ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டருக்கு வரும் கூடுதல் சுமையும் சேர்ந்து பெல்ட்டை வழுக்க வைக்கின்றன. ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, எட்ட நின்று, பெல்ட்டின் வரியோடும் பக்கத்தில் ஒரே ஒரு முறை அடித்துப் பாருங்கள். சத்தம் கூடினால் பெல்ட் இறுக்கம் போதவில்லை. சில வினாடிகள் நின்று திரும்பி வந்தால் பெல்ட் ஓடும் சக்கரங்களில் (புல்லி) ஏதோ ஒன்று நேராக இல்லை. பெல்ட்டில் எண்ணெயோ சோப்போ தடவச் சொல்வார்கள், செய்யாதீர்கள், ரப்பர் கெட்டுவிடும்.

கடகட என்று இரண்டு, மூன்று வினாடி மட்டும் கேட்டால் டைமிங் செயின் பக்கம் சந்தேகப்படலாம். பல வண்டிகளில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து உறையில் அடிக்கும். எங்கள் வண்டியில் நடந்தது இதுதான்: பில்டரில் ஆயில் நிற்காததால் அழுத்தம் ஏறத் தாமதமானது. ஆனால் அந்த மூன்று வினாடி மாதக்கணக்கில் ஐந்து, பத்து என்று நீள்கிறது என்றால் செயின் நீண்டுவிட்டது அல்லது டென்ஷனர் தேய்ந்துவிட்டது. அதைத் தள்ளிப்போடாதீர்கள். செயின் ஒரு பல் தாண்டினாலே இன்ஜின் சரியாக ஓடாது. இன்னும் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், பிறகு செலவு எங்கேயோ போய்விடும்.

டிக்டிக் என்ற சத்தத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இரண்டு வேறு கோளாறுகள் ஒரே மாதிரி ஒலிக்கும். ஒன்று, வால்வுகளைத் தள்ளித் திறக்கும் டேப்பட். இன்ஜினின் மேல்மூடிப் பக்கம் தையல் மிஷின் ஓடுவது போல இருக்கும். ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டேப்பட் என்றால் ஆயில் நிரம்பியதும் அடங்கிவிடும். மற்றொன்று, இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் கசிவு. கூர்ந்து கேட்டால் டிக் என்பதோடு புஸ் என்ற மூச்சும் சேர்ந்திருக்கும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் உரக்கும். சூடானதும் உலோகம் விரிந்து விரிசல் மூடிக்கொள்வதால் ஐந்து, பத்து நிமிடத்தில் மறைந்துவிடும். அது இன்ஜினோடு சேரும் இடத்தில் உள்ள கேஸ்கட் ஓரத்தில் கரிக் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் சீக்கிரம் சரிசெய்யுங்கள். கசியும் புகை காருக்குள் வர வாய்ப்புண்டு, பின்சீட்டில் குழந்தைகள் உட்காருகிறார்கள்.

காலி டப்பாவைத் தட்டுவது போல டொக்டொக் என்று கேட்டு, சூடாகச் சூடாகக் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுகிறது என்று நினைக்கலாம். பிஸ்டன் அலுமினியம், சூட்டில் விரிந்து இடைவெளியை நிரப்பிவிடும். நிறைய ஓடிய வண்டிகளில் இது வருடக்கணக்கில் அப்படியே இருப்பதுண்டு.

அதைவிட ஆழமாக, அடியிலிருந்து வரும் தட்டல் வேறு. சூடான பிறகும் போகாது, வேகம் கூட்டினால் கூடும். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போயிருக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைத் தூக்கி ஏற்றித்தான் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். எந்தச் சத்தத்தோடும் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அப்படித்தான்.

படி 5: இடத்தைத் தேடுங்கள்

நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜினின் மேல்மூடியான வால்வ் கவரிலோ ஆல்டர்னேட்டர் உடம்பிலோ வைத்து, கைப்பிடியைக் காதருகே ஒட்டிக் கேட்டால் எந்தப் பாகம் என்று ஓரளவு புரியும். சுழலும் எதன் பக்கமும் போகாதீர்கள். துப்பட்டா, தோளில் துண்டு, தொங்கும் சட்டைக்கை எதுவும் வேண்டாம், நீண்ட கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். ரேடியேட்டர் பேன் சொல்லாமல் கொள்ளாமல் தானாகவே சுழலத் தொடங்கும்.

படி 6: மெக்கானிக்கிடம் இப்படிச் சொல்லுங்கள்

"ஏதோ சத்தம் வருதுண்ணா" என்று சொல்லாதீர்கள். "ராத்திரி நின்ற வண்டி, கடகடன்னு மூணு செகண்ட், டைமிங் பக்கம், மத்தியானம் ஸ்டார்ட் செஞ்சா வரதில்ல, ஆயில் மாத்தி நாலாயிரம் கிலோமீட்டர் ஆச்சு" என்று சொல்லி வீடியோவைக் காட்டுங்கள். வண்டியை இரவே விட்டுவிட்டு வாருங்கள். சத்தத்தைத் தன் காதால் கேட்காமல் பாகத்தை மாற்றலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது சத்தம் வராது. இன்ஜின் சூடாக இருக்கும், அதனால் அப்போது ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்து அதே இடத்தில் நிறுத்தி, மறுநாள் காலை அதே மாதிரி வீடியோ எடுத்து, பழையதோடு வைத்துக் கேளுங்கள்.