மலை வளாகத்தின் கணினித் திட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையில் உள்ள ஒரு கல்லூரியோ பல்கலைக்கழக வளாகமோ அடுத்த பத்தாண்டுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைத் தீட்ட உட்காரும்போது அது பெரும்பாலும் பிப்ரவரி மாதமாக இருக்கும். மார்ச் 31-க்குள் செலவிடாத நிதி திரும்பிப் போய்விடும் என்ற அவசரத்தில், எத்தனை கணினி, எத்தனை புரொஜெக்டர், எவ்வளவு பெரிய சர்வர் என்ற கொள்முதல் பட்டியலே முதலில் தயாராகிறது. முதல் தவறு இதுதான். பின்னால் வரும் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை. வாங்கும் கருவி ஐந்தாறு ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். ஒரு மாணவியின் மதிப்பெண் பதிவோ, அவர் ஓய்வு பெறும் வயதிலும் தேவைப்படலாம். எனவே எந்தப் பதிவுகள் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் படிக்கக்கூடியவையாக இருக்க வேண்டும், அவற்றை யார் பராமரிப்பார்கள் என்பதை எழுதி முடித்த பிறகே பட்டியலுக்கு வர வேண்டும்.

நீலகிரியில் ஒரு கல்லூரியின் கணினி மையத்தில் நான் பணியாற்றியபோது, பழைய மாணவர் ஒருவரின் சான்றிதழ் விவரத்தைச் சரிபார்க்க இருபது ஆண்டுக்கு முந்தைய கோப்பு ஒன்றைத் திறந்தோம். குறுந்தகடு கெடவில்லை, கோப்பும் திறந்தது. ஆனால் ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாப் பெயர்களும் இப்படித்தான் தெரியும். பெயரை உள்ளிட்டுத் தேடவும் முடியாது. எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு முந்தைய கோப்புகளை மாற்றும் பணியைத் திட்டத்தில் சேர்க்காத நிறுவனங்கள் தம் வரலாற்றைத் தாமே பூட்டி வைத்திருக்கின்றன. இந்தப் பணிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அந்தப் பதிவுகளைத் தட்டச்சு செய்தவர்கள் பணியில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

பதிவைக் கருவியை விட மேலாக மதிப்பது எப்படி என்பதற்குப் பழனி மலையிலேயே முன்மாதிரி உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் டிஜிட்டல் வடிவம் பெற்று இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. தேர்வுப் பிரிவுக்கான மென்பொருளை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளில் எல்லாத் தரவும் பொதுவான வடிவத்தில் நம் கைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனை டெண்டரிலேயே இடம்பெற வேண்டும். பிறகு கேட்டால் அதற்குத் தனி விலை சொல்வார்கள்.

அடுத்த தவறு, “இங்கேதான் குளிராயிற்றே, சர்வர் அறைக்கு ஏ.சி. எதற்கு?” என்று எண்ணுவது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. மின்விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அடர்த்தி குறைந்த காற்று குறைந்த வெப்பத்தையே வெளியேற்றும். அதனால்தான் சர்வர் தயாரிப்பாளர்கள் பலர், 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கத்தக்க வெப்பநிலையில் ஒரு டிகிரியைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சமவெளியில் 35 டிகிரி வரை தாங்கும் கருவிக்கு உதகையில் எல்லை 30-ஐ ஒட்டி வந்துவிடும். டீசல் ஜெனரேட்டரின் திறனும் உயரத்தில் குறையும் என்பதால், கோவையில் இயங்கும் ஒரு வளாகத்தின் கணக்கை அப்படியே எடுத்து இங்கே எழுதக் கூடாது. வெப்பத்தை விட ஈரம் இன்னும் பொல்லாதது. ஏ.சி.க்குப் பதிலாக ஜன்னலைத் திறந்து வைத்த ஓர் அறையில், ஒரே பருவமழைக்குப் பிறகு செம்புத் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மூடுபனி உள்ளே வராமல் அடைத்த அறையும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவியும், ஈரப்பத அளவியும் சர்வரின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டியவை.

கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கேபிள் இழுப்பதையும் தவிர்க்க வேண்டும். மேட்டில் ஒரு கட்டடமும் பள்ளத்தில் ஒரு கட்டடமுமாகப் பரந்த வளாகத்தில், செம்புக் கேபிள் தரவைச் சரியாகக் கொண்டுசெல்லும் 100 மீட்டர் எல்லை எளிதில் மீறப்படுகிறது. கோடை மழையில் விழும் இடி அதே கேபிள் வழியாக இரு பக்கத்துக் கருவிகளையும் கருக்கிவிடுகிறது. கட்டடங்களுக்கு இடையே, மின்சாரத்தைக் கடத்தாத கண்ணாடி இழைக் கேபிளான ஃபைபர் மட்டுமே இருக்கட்டும்.

இரண்டு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கிவிட்டோம் என்று நிம்மதி அடைவது இன்னொரு தவறு. கேபிள் எந்த மலைப்பாதை வழியாக ஏறி வருகிறது என்று இரு நிறுவனத்தாரிடமும் எழுத்துமூலம் கேட்டு வாங்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குக் குன்னூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் பாதைகள் உண்டு. இரு கேபிள்களும் ஒரே பாதையோரம் வந்தால், ஒரு மண்சரிவு இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதை அறிந்தவர்களுக்கு இது மிகையான அச்சமாகத் தோன்றாது. பேக்கப் நகலை அதே கட்டடத்தின் அடுத்த அறையில் வைப்பதும் இதே வகைப் பிழை. ஒரு நகலாவது மலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அதை மீட்டெடுத்துப் பார்த்திருக்கவும் வேண்டும்.

எல்லாக் கடவுச்சொற்களும் ஒருவரின் நோட்டில் மட்டும் இருக்கும் நிலையை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர் மாற்றலாகிப் போனால் வளாகமே திகைத்து நிற்கிறது. இணையப் பாதுகாப்பு மீறல் நேர்ந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-இல் வந்த மத்திய அரசின் விதி. விடுமுறை நாளில் அந்த அறிக்கையை யார் அனுப்புவார் என்பதற்குத் திட்டத்தில் ஒரு பதவியின் பெயர் இருக்க வேண்டும்.

கடைசியாக, சேர்க்கைப் படிவத்தை அலுவலகத்தின் வேகமான இணைப்பில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிடக் கூடாது. கூடலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில், மழை பெய்யும் மாலையில், அப்பாவின் கைப்பேசியைக் கடன் வாங்கிப் படிவத்தை நிரப்பும் மாணவிக்கு, பாதியில் சிக்னல் போனால் அதுவரை உள்ளிட்டவை சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். ஐந்து எம்.பி. அளவில் சான்றிதழ் கேட்கும் படிவம் அவரை வாசலிலேயே நிறுத்திவிடும். வெளியிடும் முன் அலுவலர் ஒருவர் அத்தகைய ஊருக்குச் சென்று, சாதாரணக் கைப்பேசியில் படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை நிரப்பிப் பார்க்க வேண்டும். அந்தப் பயணத்துக்கான படியைத் திட்டச் செலவில் இப்போதே எழுதிவிடுங்கள்.