மீன்பிடித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் செய்யக் கூடாதவை

பங்குனி பிறந்துவிட்டால் மேலூர், சிங்கம்புணரி, நத்தம், பொன்னமராவதிப் பக்கம் கண்மாய்கள் வற்றத் தொடங்கும். அறுவடை முடிந்திருக்கும், வயலுக்குத் தண்ணீர் வேண்டியிருக்காது. தண்ணீர் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே வந்து நிற்கும்போது ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு நாளைக் குறிப்பார்கள். அன்று விடியலில் சாமி கும்பிட்டு, கரையில் நின்று ஒருவர் வெள்ளைத் துண்டை வீசினால் மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குள் இறங்கும். யார் எந்த ஊர், என்ன சாதி என்று அந்தத் தண்ணீரில் யாரும் கேட்பதில்லை. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த அந்த நாளை இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் சமீப வருடங்களில் கண்ணில் படும் சில தவறுகளைச் சொல்லத் தோன்றுகிறது.

பெரிய தவறு, ஒருவர் கரைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. முன்பெல்லாம் சேதி தண்டோரா வழியாகப் போகும். அப்புறம் மாமன் மச்சான் வழியாகப் பக்கத்து ஊர்களுக்குப் போகும். சேதி போகும் தூரம் எவ்வளவோ அவ்வளவு கூட்டம்தான் வரும், அதற்குத் தண்ணீர் தாங்கும். இப்போது யாரோ ஒருவர் கண்மாயின் பெயர், தேதி, வரைபடம் எல்லாவற்றையும் போனில் தட்டிவிட, இரவோடு இரவாக மூன்று மாவட்டத்திலிருந்து மினி லாரிகளில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். விடியும்போது, வருடமெல்லாம் அந்தக் கண்மாயைப் பார்த்துக்கொண்ட ஊர்க்காரருக்குக் கால் வைக்க இடமில்லை. அழைப்பு என்பது ஊர் கொடுக்க வேண்டியது. உங்களுக்குச் சேதி வந்தால், கூடவே கூட்டிக்கொண்டு போகக்கூடிய நாலு பேருக்குச் சொல்லுங்கள். முகம் தெரியாத நானூறு பேருக்கு அனுப்பாதீர்கள்.

துண்டு வீசுமுன் இறங்குவதை ஆர்வக்கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் இறங்கினால் மொத்தக் கூட்டமும் இறங்கிவிடும். கரையில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாத்தாவுக்கு அதற்குள் தண்ணீர் கலங்கிப்போகும். அந்தத் துண்டு, வலுத்தவனும் இளைத்தவனும் ஒரே நொடியில் தொடங்குவதற்காக இருப்பது.

அடுத்தது, என்ன கொண்டுபோவது என்பது. ஊத்தாதான் இந்தத் திருவிழாவுக்கு உரிய கருவி. மூங்கில் சிம்பில் பின்னிய, மேலும் கீழும் திறந்த கூடை அது. சேற்றில் குத்தி நிறுத்தினால் உள்ளே மாட்டிய மீன் முட்டுவது கைக்குத் தெரியும். மேல் வாயில் கையை விட்டு எடுக்க வேண்டும். ஒரு குத்துக்கு ஒரு மீன் வரலாம், வராமலும் போகலாம். கச்சா, பரி என்னும் மீன்பிடிக் கருவிகள், சின்ன வலை, ஏன் பழைய சேலைகூட வரும். அவரவர் கைக்கு எட்டியதைப் பிடிக்கும் சாமான்கள் இவை. பத்துப் பேர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலையைக் கொண்டுவருவது இதற்கு நேர் எதிர். அரை மணி நேரத்தில் ஒரு மூலையை வழித்துவிடுவார்கள், மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். ஊருக்கு ஊர் கட்டுப்பாடும் மாறும். சில ஊர்களில் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று கோயிலுக்குப் பணம் வாங்குவார்கள், சில ஊர்களில் ஒன்றும் கிடையாது. முதலில் கரையில் நிற்கும் பெரியவரிடம், "ஐயா, இங்கே என்ன முறை?" என்று கேட்டுவிடுங்கள்.

பிடித்த மீனை அங்கேயே விலை பேசக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும், விற்கக் கூடாது என்பது பல ஊர்களில் இன்றும் இருக்கும் வழக்கம். சாக்கு நிறைய விராலைக் கட்டி வண்டியில் ஏற்றுகிறவரைப் பார்த்தால் ஊர்க்காரருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

படம் எடுப்பதைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உடம்பெல்லாம் சேறாகப் பெண்கள் மீன் தடவுவார்கள். சொந்த ஊர், சொந்த ஜனம் என்ற நம்பிக்கையில் இறங்கியவர்கள் அவர்கள். கேட்காமல் அவர்களைப் படம் பிடித்துப் போடுவது அந்த நம்பிக்கையை உடைப்பது. வெளியாட்கள் போனைத் தூக்கிக்கொண்டு சுற்றுவதால் கரையிலேயே நின்றுவிட்ட அக்காமார்களை எனக்குத் தெரியும். மீனைப் படம் எடுங்கள், ஊத்தாவை எடுங்கள். ஆட்களை எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

வண்டியைக் கரைமேல் ஏற்ற வேண்டாம், மண் கரை சரியும். தண்ணீர் பாட்டிலை மடைப் பக்கம் வீச வேண்டாம். ஊத்தாவுக்குள் கை விடும்போது நிதானம் வேண்டும். கெளுத்தி முள் குத்தினால் கடுக்கும், தேளி மீன் குத்தினால் அதைவிட மோசம். பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வைத்தால் வலி குறையும். வீக்கமோ மயக்கமோ வந்தால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ஒன்றுமே கிடைக்காமல் கரையேறினால் உடனே வண்டியை எடுத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் புளியமரத்தடியில் உட்காருங்கள். நிறையப் பிடித்தவர் சும்மா வந்தவருக்கு ரெண்டு கெண்டையைத் தூக்கிக் கொடுப்பது அங்கே சாதாரணம். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.