பதிலைச் சொல்லாமல் தேட வைப்பது எப்படி?

"நிலா உதிக்கும்போது மட்டும் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது?" ஒரு மாணவர் இப்படிக் கேட்டதும் விளக்கம் சொல்லிவிட நமக்கு நாக்கு துடிக்கும். அதை அடக்கிக்கொள்வதில்தான் இந்த வேலை தொடங்குகிறது. இந்த ஒரே கேள்வியை வைத்து, விடையை மாணவரே தேடிப் பிடிக்க எப்படி உதவலாம் என்று பார்ப்போம்.

படி 1: ஊகத்தை எழுதட்டும்

கேள்வியைத் தன் சொற்களிலேயே நோட்டில் எழுதி, கீழே "நான் நினைக்கும் பதில்" என்று ஒரு வரி. தவறாக இருந்தாலும் திருத்தாதீர்கள்.

படி 2: கேள்வியை உடைத்துப் பாருங்கள்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். "ஏன்" என்று தொடங்கும் கேள்விக்குள் யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு நம்பிக்கை பல நேரம் ஒளிந்திருக்கும். இங்கே அது, நிலா பெரிதாகிறது என்பது. "நிஜமாகவே பெரிதாகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று மட்டும் கேளுங்கள். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பொறுமையாக இருங்கள். அளந்து பார்க்கலாமே என்ற யோசனை அவர்களிடமிருந்தே வர வேண்டும்.

படி 3: முதலில் கண், அப்புறம் கூகுள்

பௌர்ணமியன்று கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரல் நுனியை நிலாவுக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள். நீட்டிய கையில் சுண்டுவிரலின் அகலம் ஏறக்குறைய 1 டிகிரி, நிலா அரை டிகிரி. உதிக்கும்போது விரலில் பாதி அகலம், மேலே ஏறிய பிறகும் அதே பாதி. இரண்டையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளட்டும்.

படி 4: இப்போது தேடலாம்

சரி, அளவு மாறவில்லை என்றால் பெரிதாகத் தெரிவது எதனால்? கேள்வியே இப்போது கூர்மையாகிவிட்டது. முழு வாக்கியமாகத் தட்டாமல் "நிலா", "அடிவானம்", "மாயத்தோற்றம்" என்று சொற்களாகத் தேடச் சொல்லுங்கள். காற்று மண்டலம் லென்ஸ் போல நிலாவைப் பெரிதாக்குகிறது என்ற விளக்கம் எங்காவது கண்ணில் படலாம். அதை நீங்கள் மறுக்க வேண்டாம், நோட்டில் இருக்கும் அளவே மறுத்துவிடும். மாணவர் தன் கையில் உள்ள ஆதாரத்தால் ஒரு தவறான தகவலைத் தள்ளிவைக்கும் அந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

மற்ற தகவல்களை, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு இடங்களிலாவது சரிபார்க்கட்டும். விக்கிப்பீடியா என்றால் கட்டுரையின் அடியில் உள்ள சான்றுகள் வரை போகட்டும்.

படி 5: பக்கத்தை மூடிவிட்டு எழுதட்டும்

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "எப்படித் தெரியும்?" என்று ஒரு குறிப்பு வேண்டும்: நான் அளந்தேன், இந்த நூலில் படித்தேன், இது என் ஊகம். நிலா பெரிதாகத் தெரிவது நம் மூளை உண்டாக்கும் தோற்றம். மூளை ஏன் அப்படிச் செய்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த விளக்கம் இல்லை. "இதற்கு இன்னும் முடிவான பதில் இல்லை" என்று மாணவர் எழுதினால் அதற்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

அடுத்த கேள்வியை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் 2ஆம் படியில் மட்டும் கூட இருந்தால் போதும்.