உங்கள் காட்டுக்காணிக்குள் வேட்டைக்காரரும் மரக்கள்ளரும் வராமல் பார்ப்பது எப்படி

மட்டக்களப்பு மாவட்டத்துப் படுவான்கரையில் உன்னிச்சை, கரடியனாறு, தாந்தாமலைப் பக்கம், அல்லது அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில், சாகாமம், பொத்துவில் பக்கம் மரத்தோடு மேட்டுக்காணி வைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாலை, வீரை, முதிரை, நாவல் என்று தானாக வளர்ந்த மரம் நிற்கும், சிலர் தேக்கோ மரமுந்திரிகையோ வைத்திருப்பீர்கள், ஓரமாக ஒரு சின்னக் குளமோ நீரோடையோ இருக்கும், அந்தத் தண்ணிக்கு மானும் பன்றியும் வரும், மானுக்குப் பின்னால் துவக்கும் வரும். இதில் நான் உறுதியாக நம்புகிற ஒரு விசயம், வேலி காட்டைக் காக்காது, ஆள் நடமாட்டம்தான் காக்கும். யாரும் எட்டிப் பார்க்காத காணி என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் மதில் கட்டினாலும் ஏறி இறங்குவார்கள். சொந்தக்காரர் எந்த நேரம் வந்து நிற்பாரோ தெரியாது என்ற பேர் இருந்தால், முள்ளுக்கம்பி அறுந்து கிடந்தாலும் கள்ளன் யோசிப்பான்.

முதலில் உள்ளே வருவது யார் என்று பிரித்துப் பாருங்கள். விறகு பொறுக்க வருகிற பெண்கள், தேன் எடுக்கிறவர்கள், மாட்டைத் தேடி வருகிற பட்டிக்காரர் ஒரு வகை. இயந்திர வாளோடு முதிரைக்கும் தேக்குக்கும் வருகிறவர்கள் இன்னொரு வகை. வேட்டைக்காரர் தனி. அப்புறம் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், காய்ச்சுகிறவர்கள். அவர்களுக்குத் தண்ணீரும் விறகும் மறைவும் வேண்டும், ஆகவே ஓடைக்கரையில் பற்றை அடர்ந்த இடத்தைத்தான் தேடுவார்கள், கோடா (காய்ச்ச முதல் புளிக்க வைக்கிற கலவை) ஊறவைத்த பரலைப் புதைத்து மேலே சருகு போட்டு மூடியிருப்பார்கள். கிறவலும் மணலும் அள்ள டிப்பரோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மருந்து சரிவராது. விறகுக்கு வருகிற அம்மாவை விரட்டினால் உங்களுக்கு இருந்த இரண்டு கண்ணையும் நீங்களே குத்திக்கொண்ட மாதிரி.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காட்டுக்குள் நடக்கிறது என்ன என்று பொலிசுக்கு முன்னமே தெரிந்தவர்கள் பக்கத்து ஊர்ச் சனம்தான். விழுந்த கொப்பு, காய்ந்த தடி எடுக்கலாம், பச்சை மரத்தில் கத்தி வைக்கக்கூடாது, இந்தக் கடப்பால் மட்டும் வந்து போங்கள் என்று முகத்துக்கு முகம் கதைத்து ஒரு ஒழுங்குக்கு வாருங்கள். நாவல் பழுக்கிற காலத்தில் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போகட்டும். பட்டிக்காரரோடும் அப்படித்தான், எந்தக் காலத்தில் எந்தப் பக்கத்தால் மாடு போகலாம் என்று முடிவு செய்யுங்கள். பக்கத்து வட்டையில் வேளாண்மை செய்கிறவர்கள் இரவில் யானைக் காவலுக்கு வாடியிலும் பரணிலும் விழித்திருப்பார்கள். அவர்களிடம் உங்கள் தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும், வெடிச்சத்தம் கேட்டால், டிப்பர் இறங்கினால் ஒரு அழைப்பு வர வேண்டும். அதற்காக அறுவடை நேரம் ஒரு கை உதவி, நல்லது கெட்டதுக்கு ஒரு எட்டுப் போய்வருகிறது, இதெல்லாம் வேண்டும். காசு கொடுத்து வாங்குகிற காவலை விட இது நெடுநாள் நிற்கும்.

எல்லை தெளிவில்லாத காணியை யாராலும் காக்க முடியாது. உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துக்கொண்டு பதிவுபெற்ற நில அளவையாளரைக் கூட்டிப் போய் எல்லைக்கல்லைக் கண்டுபிடியுங்கள், யுத்த காலத்தில் விட்டுப்போன காணிகளில் பல கல் பற்றைக்குள் புதைந்தோ பிடுங்கப்பட்டோ இருக்கும். அளக்கிற அன்று பக்கத்துக் காணிக்காரரும் கிராம உத்தியோகத்தரும் நின்றால் பிறகு வாய்த்தகராறு குறையும். உங்கள் காணியை ஒட்டி வன இலாகாவின் எல்லை போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லையை ஒட்டி உட்பக்கமாக ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பற்றையை வெட்டிச் சுத்தமாக வைத்திருங்கள். காணியைச் சுற்றி வருகிறதும் அதால்தான், யாராவது தாண்டினால் தெரிவதும் அதால்தான். வேலிக்குக் கிளிசரியாக் கதியாலோ கிளுவையோ மாரி தொடங்குகிற நேரம் நட்டால் தண்ணி ஊற்றாமலே பிடித்துவிடும், இரண்டு மூன்று வருடத்தில் அதுவே கம்பி அடிக்கிற தூணாகும். யானை வழமையாகப் போகிற பாதையை மட்டும் மறிக்காதீர்கள், ஒரே இரவில் கதியாலும் போகும் கம்பியும் போகும்.

வண்டி போகிற வழிதான் முக்கியம். நடந்து வருகிறவன் ஒரு மானைச் சுமப்பான், ஆனால் முதிரைக் குற்றிக்கு உழவு இயந்திரமோ லாண்ட்மாஸ்டரோ வேண்டும். ஆகவே படலை ஒன்றே ஒன்று இருக்கட்டும், அது தெருவில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். பழைய வண்டிப் பாதைகள் இருந்தால் குறுக்கே குழி வெட்டி மண்ணை வரம்பாகப் போடுங்கள், அல்லது பெரிய கல்லை உருட்டி விடுங்கள், பகலில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இருட்டில் கழுத்து உயரத்தில் கம்பி கட்டுகிற வேலை வேண்டாம், மோட்டார் சைக்கிளில் வருகிற ஒரு அப்பாவிப் பையனின் உயிர் அதில் போய்விடும்.

படலைக்குப் பக்கத்திலும் ஓடைக்கரையிலும் மணலை ஒரு முள்ளுக்கொப்பால் இழுத்துச் சமன் செய்துவிட்டு வாருங்கள். அடுத்த நாள் விடியப் போய்ப் பார்த்தால் இரவு வந்தது முயலா, பன்றியா, சப்பாத்துக்காலா, எந்தப் பக்கம் போனது, எத்தனை பேர், திரும்பி வரும்போது காலடி ஆழமாகப் பதிந்திருக்கிறதா (சுமையோடு வந்திருக்கிறான் என்று அர்த்தம்) எல்லாம் மணலே சொல்லும். பீடித்துண்டு, வெற்றிலைத் துப்பல், டோர்ச் பற்றறி, வெற்றுத் தோட்டா கிடந்தால் தொடாமல் படம் எடுங்கள். மரக்கள்ளர் வெட்டின அடிக்கட்டையில் சேற்றைப் பூசிச் சருகைப் போட்டுவிடுவார்கள், வெள்ளையாகத் தெரியாமல் இருக்க. ஆனால் அரிந்த தூள் புல்லுக்குள் கிடக்கும், மேலே பார்த்தால் மரக்கவிகையில் வானம் தெரிகிற ஓட்டை புதிதாக இருக்கும்.

பெறுமதியான மரம் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போடுங்கள். நெஞ்சு உயரத்தில் போடுகிற பெயின்ற் வெட்டின குற்றியோடு போய்விடும், ஆகவே இன்னொரு அடையாளம் மண்ணோடு ஒட்டி, வேர் பிரிகிற இடத்தில் வேண்டும். சுற்றளவை அளந்து கொப்பியில் எழுதி, தொலைபேசியில் இடம் பதிகிற மாதிரிப் படம் எடுத்து வையுங்கள். “என் காணியில் மரம் களவு போனது” என்று பொலிசில் சொல்வதும், “17ஆம் இலக்க முதிரை, இவ்வளவு சுற்றளவு, இதோ அடிக்கட்டை, இதோ போன மாதப் படம்” என்று சொல்வதும் ஒன்றல்ல. மரத்தில் ஆணி அடித்து அறிவித்தல் தொங்கவிட வேண்டாம், பலகைக்கும் கேடு, பிறகு அரிகிற வாளுக்கும் கேடு. தனித் தடி நட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள்: தனியார் காணி, அனுமதியின்றி உள்ளே வருவதும் வேட்டையும் மரம் வெட்டுவதும் தடை, தொடர்பு இலக்கம் இது. அவ்வளவு போதும். வெடி வைத்திருக்கிறேன், கரண்ட் விட்டிருக்கிறேன் என்று பயமுறுத்தி எழுதினால், நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆனால் அந்தப் பலகையே உங்களுக்கு எதிரான சாட்சி.

இனி வேட்டை. நம்முடைய பக்கம் மூன்று விதமான கொடுமை நடக்கிறது. கம்பிச் சுருக்கு, வாய்வெடி, கட்டுத்துவக்கு.

சுருக்கைத் தேடுகிறது எப்படி என்றால், மிருகம் நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடத்தை எடுத்துக்கொண்டு மெதுவாக நடவுங்கள். தடத்துக்கு இரண்டு பக்கமும் யாரோ முள்ளை ஒதுக்கி வைத்து நடுவில் ஒரு வாசல் விட்ட மாதிரி இருக்கும், அந்த வாசலில் ஒரு சாண் இரண்டு சாண் உயரத்தில் சைக்கிள் பிறேக் கேபிள் வட்டமாகத் தொங்கும், துரு நிறத்தில் இருப்பதால் குனிந்து பார்த்தால்தான் தெரியும். மறு நுனி பக்கத்து மரத்தின் அடியில் கட்டியிருக்கும், அந்தப் பட்டையில் புதுத் தேய்வு இருக்கும். ஒன்று கண்டால் அதோடு நிற்காதீர்கள், வரிசையாக வைப்பதுதான் அவர்கள் பழக்கம். படம் எடுத்து, திகதி எழுதி, கழற்றிப் பத்திரமாக வையுங்கள். மிருகம் உயிரோடு மாட்டியிருந்தால் கிட்டப் போகவே வேண்டாம், அது பன்றியாகவும் இருக்கலாம் சிறுத்தையாகவும் இருக்கலாம், வலியில் இருக்கிற மிருகம் பாயும். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு எடுத்து இடத்தைச் சொல்லுங்கள்.

வாய்வெடி என்பது பழத்துக்குள்ளோ கருவாட்டுக்குள்ளோ ஒளித்து வைக்கிற வெடிமருந்துப் பொட்டணி. பன்றிக்கு வைத்தது என்பார்கள். ஆனால் யானைக்குட்டி கடிக்கிறது, தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகிறது. பட்டி மாடும் நாயும் கடிக்கிறது. காட்டுக்குள் இருக்கக்கூடாத இடத்தில் வெள்ளரிக்காயோ பூசணித்துண்டோ கிடந்தால் கை வைக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். இடத்தை அடையாளப்படுத்திவிட்டுப் பொலிசுக்கு 119க்கு அறிவியுங்கள். கட்டுத்துவக்கு இன்னும் மோசம், அது தட்டுப்பட்டால் தானே வெடிக்கிற மாதிரி மரத்தில் கட்டி வைத்த துவக்கு, தடத்துக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் அதோடு தொடுத்த ஒரு மெல்லிய நூலோ கம்பியோ ஓடும், மானுக்கும் மனிதனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கண்டால் வந்த காலடியிலேயே பின்னால் திரும்பி வாருங்கள்.

கோடையில், கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், கூடுதல் கவனம் வேண்டும். தண்ணி வற்றினால் மிருகமெல்லாம் கடைசிக் குட்டைக்கு வரும், வேட்டைக்காரன் அதற்கு மேலே மரத்தில் பரண் கட்டிக் காத்திருப்பான். புல்லுக்கு நெருப்பு வைப்பதும் அப்போதுதான், எரிந்த இடத்தில் துளிர்க்கிற புல்லுக்கு மான் இறங்கும் என்பதற்காக. ஆகவே கோடை தொடங்க முதல் எல்லைப் பாதையைச் செருக்கிச் சருகைக் கூட்டி அகலப்படுத்துங்கள், குட்டையைச் சுற்றியுள்ள மரங்களை அண்ணாந்து பாருங்கள், குறுக்குத் தடி கட்டியிருந்தால் அவிழ்த்து விடுங்கள். கமரா வாங்க வசதி இருந்தால் முதலில் வைக்க வேண்டிய இடம் அந்தக் குட்டையும் படலையும்தான். இரவில் வெளிச்சம் தெரியாமல் படம் பிடிக்கிற வகையாகப் பார்த்து, தலைக்கு மேலே, கீழ் நோக்கிச் சரித்துக் கட்டுங்கள், கண் மட்டத்தில் கட்டினால் அதையே கழற்றிக்கொண்டு போவார்கள்.

இரவில் வெடிச்சத்தம் கேட்டால் துவக்கை நோக்கி ஓடாதீர்கள். இடியன் துவக்கோடு (வாய்ப்பக்கத்தால் மருந்து இடித்து நிரப்புகிற நாட்டுத் துவக்கு) நிற்கிறவன் பயந்தவன், பயந்தவன் சுடுவான். காணிக்குள் நிற்க வேண்டி வந்தால் வெளிச்சமும் சத்தமுமாக நில்லுங்கள், இருட்டில் சத்தமில்லாமல் அசைகிற எதையும் பன்றி என்று நினைத்துச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி இலக்கம், நேரம், போன திசை, இதை எழுதிக்கொண்டு பொலிசுக்கு அறிவித்தால் போதும். பதிலுக்கு நீங்களும் கரண்ட் கம்பி இழுக்கவோ வெடி கட்டவோ கூடாது. வீட்டு மின்சாரத்தை வேலியில் விட்டால் யானையும் சாகும், விறகுக்கு வந்த பெண்ணும் சாகும், கொலை வழக்கில் நிற்பது நீங்கள்தான்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சரணாலயத்துக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். மான், மரை, அழுங்கு போன்றவற்றுக்கு உங்கள் தனிக் காணிக்குள்ளும் அந்தப் பாதுகாப்பு உண்டு, “சொந்தக்காரர்தான் சுடச் சொன்னார்” என்ற கதை எடுபடாது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் பொலிசில் என்ட்றி போட்டு முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். பக்கத்துக் காணிக்காரரோடு தடி வெட்டின சின்னப் பிரச்சினை என்றால் மத்தியஸ்த சபை நல்ல இடம், வருடக்கணக்காக வழக்காட வேண்டியதில்லை. ஆனால் யாராவது உள்ளே வந்து வேலி போட்டு உங்களை வெளியே தள்ளிவிட்டால் நாள் கடத்தாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் விசயம் நீதிமன்றத்துக்கு வரும்போது, அதற்கு முந்திய 2 மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டவருக்குத்தான் அந்த வழியில் காணி திரும்பக் கிடைக்கும். 10 வருடம் ஒருவர் எதிர்ப்பில்லாமல் தன்னுடையது போல ஆண்டு வந்தால் ஆட்சியுரிமையே கேட்கலாம், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படி.

கொழும்பிலும் கனடாவிலும் இருந்துகொண்டு இங்கே காணி வைத்திருக்கிறவர்கள் இந்தக் கடைசி விசயத்தை ஊன்றிப் பாருங்கள். உங்கள் உறவினரே என்றாலும், காணியைப் பார்க்க விட்ட ஆளோடு ஒரு எழுத்து இருக்கட்டும்: காணி இன்னாருடையது, இன்னார் மேற்பார்வைக்கு மட்டும் நிற்கிறார், மாதம் இவ்வளவு கொடுப்பனவு, இரண்டு பேரும் கையெழுத்து. கொடுக்கிற காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். முறைப்பாடு செய்யவும் நீதிமன்றம் போகவும் நம்பிக்கையான ஒருவருக்குச் சட்டத்தரணி மூலம் அற்றோணித் தத்துவம் (உங்களுக்காக நின்று செய்கிற அதிகாரப் பத்திரம்) கொடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மரம் போன அன்று பொலிசில் போய் நிற்க ஆள் இருக்காது. காணி பார்க்கிறவர் மாதத்தில் சில தடவை எல்லைப் பாதையால் நடந்து, படலை, குட்டை, இலக்கம் போட்ட மரங்கள் மூன்றையும் படம் எடுத்து அனுப்பட்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே நாளில் என்று வைக்காமல் மாற்றி மாற்றி. நீங்கள் ஊருக்கு வந்தால் வந்த அன்றே காணிக்குப் போங்கள், போகிற வழியில் கடைச்சந்தியில் நின்று நாலு பேரோடு கதைத்துவிட்டுப் போங்கள்.