பிளஸ் டூ பிள்ளைக்குக் கல்லூரி தேடுகிறீர்களா, முதலில் இனிஷியலைப் பாருங்கள்

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு முகப்பில் நாலைந்து குடும்பம் வந்து உட்கார்ந்துவிடும், வருடா வருடம் இதுதான் நடக்கிறது. "எந்தக் காலேஜ் சார் நல்ல காலேஜ்?" என்று ஆரம்பிப்பார்கள். நான் மார்க்கைக் கேட்பதில்லை. ஆதாரை எடுங்கள், பத்தாவது மார்க் ஷீட்டை எடுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள் என்பேன்.

செட்டிநாட்டுப் பக்கம் பேருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து மட்டும் நிற்பதில்லை. ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, அவருக்கு முந்தியவர் என்று சில வீடுகளில் விலாசம், நாங்கள் இனிஷியல் வரிசையை அப்படித்தான் சொல்வோம், முழுக்க வந்து நிற்கும். போன தடவை வந்த ஒரு பையனுக்கு மார்க் ஷீட்டில் 'எஸ்', ஆதாரில் 'பழ.எஸ்.', பேங்க் பாஸ்புக்கில் 'எஸ்.பழ.'. மூன்றும் ஒரே ஆள்தான், அவன் ஆச்சியைக் கேட்டால் சத்தியம் பண்ணுவார், ஆனால் கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். சான்றிதழ் சரிபார்ப்பில் நின்று, அப்புறம் உதவித்தொகை கணக்கில் ஏறாமல் நின்று, அந்த அப்பா இ-சேவை மையத்துக்கு எத்தனை நடை நடந்தார் என்பது அவருக்கே நினைவிருக்காது. பத்தாவது மார்க் ஷீட்டில் இருப்பதை மூலமாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு இழுங்கள். பிளஸ் டூ அரையாண்டு லீவிலேயே முடித்துவிடுங்கள், மே மாதம் எல்லாரும் அதே கியூவில்தான் நிற்பார்கள்.

அதே லீவில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், இதெல்லாம் இ-சேவையில் போட்டுவிடலாம். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான். அதுவும் அரசு நடத்தும் கவுன்சிலிங்கில் எடுக்கும் சீட்டுக்கு மட்டும், கல்லூரியே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. அக்கா ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்கு மனுப் போட்டுப் பயனில்லை.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளைக்கு இன்ஜினியரிங், மருத்துவம் மாதிரி படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இங்கேதான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள்: நம் ஊர்களில் பழைய அரசு உதவி பெறும் பள்ளிகள் அதிகம், ஃபீஸும் பெரிதாக இருக்காது, அதனால் அதையும் அரசுப் பள்ளி என்றே நினைத்துக்கொள்வார்கள். இந்த ஒதுக்கீட்டுக்கு அது சேராது. ஆனால் கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் (பெண்களுக்கு), தமிழ்ப் புதல்வன் (பையன்களுக்கு) திட்டங்களில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. ஒன்று இல்லை என்றதும் இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள்.

சரி, இன்ஜினியரிங். தமிழ்நாட்டில் இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது, கட்-ஆஃப் 200-க்குத்தான். கணக்கு மார்க் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணக்கு 92, இயற்பியல் 86, வேதியியல் 90 என்றால் 92, 43, 45, ஆக 180. இதைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள், நீங்கள் போடாதீர்கள்.

அப்புறம் கவுன்சிலிங்கில் கொடுக்கும் கல்லூரி விருப்பப் பட்டியல். என்னைக் கேட்டால் முழு அட்மிஷனும் இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, கணக்குப் பேரேடு மாதிரி பத்தி பிரித்து, கல்லூரிக் கோடு, பாடப்பிரிவு, போன வருடம் உங்கள் சாதிப் பிரிவினருக்கு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று எழுதுங்கள். பழைய கட்-ஆஃப் கவுன்சிலிங் இணையதளத்திலேயே கிடைக்கும். அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். பேருந்து நிலைய ஃபிளெக்ஸை விட அது உண்மை பேசும்.

வரிசையை மட்டும் ஆசைப்படி போடுங்கள். கிடைக்குமா கிடைக்காதா என்ற பயத்தை வைத்துப் போடாதீர்கள். கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் முறை வரும்போது காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தரும். கிடைக்காத கல்லூரியை மேலே போட்டதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. நல்ல கட்-ஆஃப் வைத்திருந்த ஒரு பெண், அம்மா அழுதார்கள் என்று வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றை முதல் வரியில் போட்டாள். அதுவே வந்தது. அப்புறம் சென்னைக்கு மாற ஆசை வந்தது, ஆனால் மேல்நோக்கி நகர அவள் பட்டியலில் மேலே ஒன்றுமே இல்லை.

பக்கத்தில் படிப்பது தப்பென்று சொல்லவில்லை. காரைக்குடியிலேயே அழகப்பா செட்டியார் பெயரில் அரசுப் பொறியியல் கல்லூரி 1952-லிருந்து இருக்கிறது. இங்கேயே உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் பி.டெக். உண்டு, அதன் வாசல் வழியாகத் தினம் பஸ்ஸில் போகிற நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரியாது. பிள்ளைக்குப் பிடித்து முதலில் போட்டால் சந்தோஷம்.

ஒதுக்கீடு வந்ததும் உறுதிப்படுத்த இரண்டு நாள்தான் இருக்கும், போனைக் கையிலேயே வைத்திருங்கள். 'ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன்' என்று கொடுத்தால், மேலே ஒன்று கிடைத்த நிமிடம் பழைய சீட் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே போக மனமில்லாத கல்லூரியைச் சும்மா அழகுக்காக மேலே எழுதி வைக்காதீர்கள்.

இடையில் ஒரு போன் வரும். "கவுன்சிலிங்ல கிடைக்காது, இப்பவே அட்வான்ஸ் கட்டிருங்க, ஒரிஜினலைக் கொடுத்து வைங்க" என்பார்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொல்லியிருக்கிறது. பணமுடை என்றால் பேங்கில் கல்விக் கடன் கேளுங்கள், 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை.

இன்ஜினியரிங் வேண்டாம் என்கிற பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். அரசுக் கலைக் கல்லூரிகளுக்குத் தனி ஆன்லைன் விண்ணப்பம், வேளாண்மைக்குத் தனி, சட்டத்துக்குத் தனி. ஒன்றில் பதிந்தால் மற்றதிலும் பதிந்ததாக ஆகிவிடாது, கடைசித் தேதிகளும் வேறு வேறு. மருத்துவத்துக்கு நீட் எழுதியிருக்க வேண்டும். அதன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும்போதே மற்ற விண்ணப்பங்களையும் போட்டு வையுங்கள்.

எல்லாச் சான்றிதழிலும் பத்து ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருபது, ஒரு கவரில். கவர் மேல் பிள்ளை பெயரை எழுதும்போதும் மார்க் ஷீட்டில் இருக்கிற இனிஷியல்தான்.