கண்வில்லையைத் தாங்கும் நார்கள்: தவிர்க்க வேண்டிய பிழைகள்

யாழ்ப்பாணத்து ரியூட்டரிகளில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் கண் பாடத்தில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குவார்கள். ‘பிசிர்த்தசை சுருங்கினால் நார்கள் இறுகும், வில்லை தட்டையாகும்’ என்று எழுதிவிடுவார்கள். நடப்பது நேர்மாறு.

அந்தத் தசை வில்லையைச் சுற்றி வளையமாக இருக்கிறது. சுருக்குப்பையின் வாயைப் போல அது சுருங்கும்போது வளையம் உள்ளே ஒடுங்கும். தசைக்கும் வில்லைக்கும் இடைவெளி குறையும், இரண்டையும் இணைக்கும் நார்கள் தளரும். இழுவை விட்டதும் வில்லை தானாகவே உருண்டு தடிக்கும். நல்லூர் வீதியில் தூரத்தில் நின்று கோபுரத்தைப் பார்க்கும்போது தசை ஓய்வாக, நார்கள் இறுக்கமாக, வில்லை தட்டையாக இருக்கும். கையிலுள்ள அர்ச்சனைச் சீட்டைப் படிக்கக் குனிந்தால் எல்லாம் மாறிவிடும். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855இல் கொடுத்த விளக்கம் இதுதான். தசையின் இழுவையையும் நாரின் இழுவையையும் ஒன்றாக எண்ணாமல் இருந்தால் போதும், பிழை வராது.

படமும் ஏமாற்றும். வெட்டுமுகப் படத்தில் மேலே ஒரு நார், கீழே ஒரு நார் என்றுதான் தெரியும். உண்மையில் வில்லையின் விளிம்பைச் சுற்றிலும், வில்லையை மூடியிருக்கும் மெல்லிய உறையின் முன்பக்கமும் பின்பக்கமும், ஏராளமான மெல்லிய நார்கள் பிடித்திருக்கின்றன. சரி, அவை எதனால் ஆனவை? ‘கொலாஜன்’ என்று எழுதாதீர்கள். பிரதானமான புரதம் பைபிரிலின். இது வெறும் மனப்பாட விஷயம் இல்லை. உடலை நெடுக வளர்த்து விரல்களை நீட்டும் பரம்பரை நோயான மார்பனில் பழுதாவது பைபிரிலினுக்கான மரபணுதான். அதனால் நார்கள் பலமிழந்து வில்லை இடம் விலகும், பெரும்பாலும் மேலும் வெளிப்புறமுமாக. அதே புரதம் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் சுவரிலும் இருக்கிறது. ஆகவே நெடுநெடுவென வளர்ந்து, விரல்கள் நீண்டு, கண்ணாடிப் பவர் அடிக்கடி மாறும் பிள்ளைக்குக் கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது ஆபத்தான பிழை. இதயத்தையும் பார்க்க வேண்டும்.

நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தால் ‘நரம்பு தளர்ந்துபோச்சு’ என்பார்கள். அதற்கு முக்கிய காரணம் வில்லையே இறுகிப்போவது. கண் பயிற்சி அதை இளக்காது.

இன்னொரு பிழை பெரியவர்கள் செய்வது. கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் போகும்போது பழைய அடியைச் சொல்லாமல் விடுவார்கள். கிரிக்கெட் பந்து பட்டது, போர்க்காலக் காயம், எதுவானாலும் நார்கள் கொஞ்சம் அறுந்திருக்கலாம். அறுந்தவை திரும்ப வளராது. புரையை எடுத்தபின் செயற்கை வில்லையை வழக்கமாக அந்தப் பழைய உறைக்குள்தான் வைக்கிறார்கள், அதைத் தாங்கப்போவதும் மிஞ்சிய இந்த நார்கள்தான். எத்தனை வருஷத்துக்கு முந்திய அடியானாலும் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே தெரிந்தால், தேவைப்படும்போது உறைக்குள் வளையம் ஒன்றை வைத்துத் தாங்கலைச் சீராக்கும் ஏற்பாட்டோடு தொடங்குவார்கள்.